ஆற்று நத்தை முட்டையிடாது, குஞ்சு ஈனும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லண்டனுக்கு வடக்கே ஒரு கால்வாய்க் கரையில் மூன்று நத்தைகளை எடுத்து வந்து, அதே கால்வாய்த் தண்ணீரையும் கொஞ்சம் சேற்றையும் போட்ட கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறீர்கள். தொட்டியில் வேறு மீனோ செடியோ இல்லை. கண்ணாடியில், கல்லில், சேற்றில் எங்கு தேடியும் முட்டை இல்லை. ஆனால் ஐந்தாவது வாரம் பதினோரு சின்ன நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவை எப்படி வந்தன, மூன்றில் ஆண் எது பெண் எது, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு வந்த குஞ்சுகளும் அல்ல அவை. இந்த நத்தை முட்டையிடுவதில்லை. குஞ்சைத் தன் உடலுக்குள்ளேயே வளர்த்து, ஓடும் மூடியுமாக முழு நத்தையாக வெளியே விடும். பச்சை கலந்த பழுப்பு ஓடு, அதில் சுற்றிவரும் மூன்று கரும்பட்டைகள், உள்ளே இழுத்துக்கொண்டால் ஓட்டின் வாயை அடைக்கும் கொம்புப் பொருளாலான மூடி என்று நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் விவிபாரஸ் விவிபாரஸ் என்ற ஆற்று நத்தைக்குப் பொருந்துகின்றன. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ல் இதற்கு வைத்த பெயர் ஹெலிக்ஸ் விவிபாரா. உயிரோடு ஈனுவது என்றுதான் அதற்குப் பொருள். பிறகு 1810-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் மோன்ட்ஃபோர்ட் இதைத் தனிப் பேரினமாக, அதாவது நெருங்கிய இனங்களின் தனித் தொகுப்பாகப் பிரித்து விவிபாரஸ் என்று பெயரிட்டார். அதனால் இப்போது ஒரே செய்தியைப் பெயர் இரண்டு முறை சொல்கிறது.

அது ஈனுவதை நான் ஒரே ஒரு முறைதான் முழுதாகப் பார்த்திருக்கிறேன். ஜூன் மாத மாலை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பெரிய பெண் நத்தை வெகுநேரம் அசையாமல் இருந்தது. அதன் கழுத்தின் வலப்பக்கம், ஓட்டின் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே, ஒளி ஊடுருவும் ஒரு மணி தெரிந்தது. முதலில் காற்றுக்குமிழி என்றே நினைத்தேன். கால் மணி நேரத்தில் அது மெல்ல வெளியே தள்ளப்பட்டு, தாயின் பாதத்தை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. மிளகு அளவுதான் இருக்கும். கிடந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் மூடியைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அப்புறம் மூடி திறந்து, நூல் போன்ற இரண்டு கொம்புகள் நீண்டு, ஒரு புரளலில் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பிறந்த பத்து நிமிடத்துக்குள் அது பாசியைச் சுரண்டித் தின்றது. கைவில்லையில் பார்த்தபோது தாயின் ஓட்டில் இல்லாத ஒன்று குஞ்சின் ஓட்டில் இருந்தது: சுருளோடு சேர்ந்தே ஓடும் வரிசைகளில் பொடிப்பொடி மயிர்கள். வளர வளர அவை உதிர்ந்துவிடும். உங்கள் பதினொன்றில் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இப்போதும் தெரியலாம்.

குட்டி என்பதா குஞ்சு என்பதா என்று கேட்டிருந்தீர்கள். மீன் குஞ்சு என்கிறோமே, அதுபோல நத்தைக் குஞ்சு என்றே நான் சொல்வது வழக்கம். வினைக்கு 'ஈனும்' என்ற நம் பழைய சொல்லே கச்சிதமாகப் பொருந்துகிறது.

தாயின் உள்ளே நடப்பது இது. கருவுற்ற ஒவ்வொரு முட்டையையும் வெண்கருவும் அதைச் சுற்றி மெல்லிய சவ்வுறையும் மூடுகின்றன. அந்த உறைகள் வெளியே போகாமல், அகன்று பை போலாகிவிட்ட கருக்குழாயில் வரிசையாகத் தங்கிவிடுகின்றன. உள்ளே இருக்கும் கரு அந்த வெண்கருவை உண்டு வளர்கிறது. எல்லாம் ஒரே வயதில் இருப்பதில்லை. உட்கோடியில் இருப்பது வெறும் வெள்ளைப் புள்ளி. நடுவில் இருப்பவற்றுக்கு ஓடு தொடங்கியிருக்கும். வாசலோரம் இருப்பவற்றில் பட்டைகள்கூடத் தெரியும். வளர்ந்த ஒரு பெரிய பெண்ணுக்குள் இருபது முப்பது கருக்கள் இருப்பது சாதாரணம். குளிர்காலத்தில் நத்தை ஆழமான சேற்றுக்குள் புதைந்து கிடக்கும்போதும் கருக்கள் உள்ளேயேதான் இருக்கும். தண்ணீர் சூடேறிய பிறகு, வசந்தத்திலும் கோடையிலும், ஒவ்வொன்றாக வெளியே வரும். உங்களுக்கு ஒரே நாளில் பதினொன்றும் வந்திருக்காது. ஐந்து வாரத்தில் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்தவைதான் அவை.

இதை முதலில் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர் யான் ஸ்வாமர்டாம். பூச்சிகளின் உடலைத் திறந்து பார்ப்பதில் அவர் காலத்தில் அவருக்கு நிகரில்லை. அந்தக் கத்தியையே இந்த நத்தையிடமும் கொண்டுபோனார். உள்ளே உயிருள்ள குஞ்சுகளைக் கண்டு அதை அற்புதமான நத்தை என்று அழைத்தார். அவர் 1680-ல் இறந்துபோனார். எழுதி வைத்தது 1737, 1738-ல்தான் அச்சாகி வெளிவந்தது. சேறும் சகதியுமான கால்வாய் ஓரத்து உயிரை ஒருவர் அவ்வளவு மரியாதையோடு திறந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு இந்த நத்தையின் மீது முதலில் ஈடுபாடு வரக் காரணம்.

ஆண், பெண் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்து நத்தையிலும் குளத்தில் பார்க்கும் பெரும்பாலான மெல்லோட்டு நத்தைகளிலும் ஒரே உடலில் ஆண்மையும் பெண்மையும் உண்டு. ஆற்று நத்தையில் அப்படி இல்லை, ஆண் வேறு, பெண் வேறு. ஓட்டை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். பெண் பொதுவாகக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். கொம்புகளைப் பாருங்கள். நத்தை நிம்மதியாக ஊரும்போது இரண்டு உணர்கொம்புகளும் ஒரே மாதிரி நீண்டு ஒல்லியாக இருந்தால் அது பெண். வலப்பக்கக் கொம்பு மட்டும் குட்டையாக, தடித்து, நுனி மழுங்கியிருந்தால் ஆண். அந்த வலக்கொம்புதான் ஆணுக்கு இனப்பெருக்க உறுப்பு. நத்தையின் வலம் எது என்று குழம்ப வேண்டாம், அது உங்களுக்கு முதுகைக் காட்டிப் போகும்போது உங்கள் வலமே அதன் வலம்.

கொம்பைப் பார்க்கும்போதே அதன் அடியில் வெளிப்பக்கம் இருக்கும் சின்ன மேட்டையும் பாருங்கள். அதில் கரும்புள்ளியாகத் தெரிவது கண். தொல்காப்பியத்தின் மரபியல் நத்தையை 'நந்து' என்று சொல்லி, தொடுதலும் சுவையும் மட்டும் அறியும் ஈரறிவுயிர்களோடு சேர்க்கிறது. அந்தக் கரும்புள்ளியை நேரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும், இன்னும் ஓரறிவு கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். விளக்கைத் திடீரென்று மறைத்துப் பாருங்கள், நத்தை சட்டென உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உங்களிடம் இருக்கும் மூன்றும் பெண்ணாகவே இருந்தாலும் குஞ்சு வந்ததில் வியப்பில்லை. கால்வாயில் இருந்தபோதே கருவுற்றிருக்கும். ஆணைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1836-ல் ஜெர்மானிய விலங்கியலாளர் சீபோல்ட் இந்த நத்தையின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவை இரண்டு வகை என்று கண்டார். ஒரு வகை நமக்குத் தெரிந்த வழக்கமான விந்தணு. இன்னொன்று அதைவிடப் பெரிய, புழு போன்ற, நுனியில் கற்றையாக வால்கள் கொண்ட ஒன்று. முட்டையைக் கருவுறச் செய்வது முதல் வகைதான். ஒரே விலங்கில் இரண்டு வகை விந்தணு உண்டு என்ற செய்தி அறிவியலுக்கு இந்த நத்தையிடமிருந்தே வந்தது.

உணவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தொட்டியில் இவை சாவது பெரும்பாலும் பட்டினியால் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற நத்தைகளைப் போல இதற்கும் அரம் போன்ற நாக்கு உண்டு. பாசியையும் மக்கிய இலையையும் சுரண்டித் தின்னும். அதோடு தண்ணீரை வடிகட்டியும் சாப்பிடும். ஓட்டுக்குள் இருக்கும் சீப்பு போன்ற செவுள் மூச்சுக்கு மட்டுமல்ல, தண்ணீரில் மிதக்கும் துகள்களையும் பிடிக்கிறது. பிடித்ததைச் சளியோடு சேர்த்துக் கயிறாகத் திரித்து, கழுத்தின் வலப்பக்கத்தில் ஓடும் ஒரு வாய்க்கால் வழியாக முன்னே கொண்டுவருகிறது. நத்தை அவ்வப்போது தலையைத் திருப்பி அந்தக் கயிற்றைத் தின்னும். தண்ணீர் பளிங்கு போல இருக்கும் தொட்டி நமக்கு அழகு, இதற்கு அது காலித் தட்டு. நீங்கள் சேறும் கால்வாய்த் தண்ணீரும் போட்டதுதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

ஈனுவதால் இந்த நத்தைக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்பதுதான் என் மனதுக்கு நெருக்கமான பகுதி. குளத்து நத்தை கூழ் போன்ற பொதியில் ஏராளமான முட்டைகளை ஒட்டிவிட்டுத் தன் வழியே போய்விடும். பெரும்பாலானவை மீனுக்கும் அட்டைக்கும் இரையாகும். ஐரோப்பிய ஆறுகளில் இதன் அண்டை வீட்டுக்காரரான தியோடாக்சஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்ற நகம் அளவு நத்தை வேறு வழியைப் பிடித்திருக்கிறது. கல்லில் கடினமான உறைகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் பல முட்டைகளை வைக்கும். கடைசியில் அதிலிருந்து வருவது ஒரே ஒரு குஞ்சு, மற்ற முட்டைகள் அதற்கு உணவாகிவிடும். சீப்ரா சிப்பி என்ற சின்னச் சிப்பியோ நீரில் மிதந்து திரியும் நுண்ணிய குஞ்சுகளை விடுகிறது. அது கால்வாய்களிலும் கப்பல்களிலும் ஏறி கண்டம் கண்டமாகப் பரவியதில் அந்த மிதக்கும் பருவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆற்று நத்தைக்கு மிதக்கும் பருவமே இல்லை. பிறந்தது முதலே பாதம் தரையில்தான். குஞ்சுகள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஓட்டோடும் மூடியோடும், தின்னத் தெரிந்த நாக்கோடும் வருகிறது. விலை என்னவென்றால், தாய் இருக்கும் இடத்திலேயேதான் பிள்ளையும் இருக்கும். ஒரு நீர்நிலையில் அழிந்துவிட்டால் பக்கத்து ஆற்றிலிருந்து தானாக வந்து நிரம்பாது. ஒரே இடத்தில் பல தலைமுறை அடைந்து கிடப்பதால் அந்த இடத்தின் சாயல் ஓட்டில் படிகிறது.

இப்படி நான் கற்பனையில் சொல்லவில்லை. இன்றைய குரோஷியாவின் ஸ்லவோனியா பகுதியில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் படிவுகளில் அடுக்கடுக்காக விவிபாரஸ் ஓடுகள் கிடைக்கின்றன. அன்று இந்தப் பேரினத்தைப் பலுடினா என்று அழைத்ததால் அவற்றுக்குப் பலுடினா படுகைகள் என்றே பெயர். மெல்கியோர் நொய்மாயர், கார்ல் மரியா பால் என்ற இரண்டு நிலவியலாளர்கள் அவற்றை அடுக்கு அடுக்காகப் பொறுக்கி வரிசைப்படுத்தி 1875-ல் வெளியிட்டார்கள். கீழ் அடுக்கில் வழவழப்பான, உருண்ட ஓடு. மேலே போகப்போக அதில் ஒரு விளிம்பு எழுகிறது, விளிம்பு வரப்பாகிறது, வரப்பில் முண்டுகள் முளைக்கின்றன. இரண்டு கோடிகளையும் மட்டும் பார்த்தால் யாரும் உறவென்று சொல்லமாட்டார்கள், நடுவில் இருப்பவை அவற்றைப் படிப்படியாகக் கோக்கின்றன. டார்வின் 1877-ல் நொய்மாயருக்கு எழுதிய கடிதத்தில், வாழும் சூழல் உடலமைப்பின் மீது நேரடியாகச் செய்யும் வேலைக்குத் தான் கண்ட மிகச் சிறந்த சான்று இது என்று பாராட்டினார். பரிணாமத்துக்குப் புதைபடிவச் சான்று கேட்டு எல்லோரும் பெரிய எலும்புகளைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஏரி நத்தை வரிசையாக வந்து நின்றது.

இங்கிலாந்திலேயே இருப்பதால் நீங்கள் இன்னொன்றைக் கண்ணால் பார்க்கலாம். சால்ஸ்பரி பேராலயத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். 1220-ல் கட்டத் தொடங்கி, முக்கியப் பகுதிகள் 1258-ல் முடிந்த கட்டடம். உள்ளே வெளிர்நிறத் தூண்களைச் சுற்றிக் கரும்பச்சையும் சாம்பலுமாக மெல்லிய துணைத்தூண்கள் நிற்கும். கைக்கு வழவழவென்று இருக்கும். பர்பெக் பளிங்கு என்பார்கள், டார்செட் கரையோரத்தில் பர்பெக் என்ற தீபகற்பத்தில் வெட்டி எடுத்த கல். உண்மையில் அது பளிங்கு இல்லை, நன்றாக மெருகேறும் சுண்ணாம்புக்கல். அந்தத் தூணுக்கு அரை அடி தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். முதலில் புள்ளியும் கீற்றுமாகத் தெரியும். கண் பழகியதும் ஒவ்வொரு கீற்றும் சுருளாக மாறும். சில குறுக்கே அறுபட்டு வட்டமாக, சில நெடுக்கே அறுபட்டு ஏணிப்படி போல, சிலவற்றின் உள்ளறையில் வெள்ளைப் படிகம் நிரம்பியிருக்கும். அத்தனையும் விவிபாரஸ் நத்தைகள். சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் கரையில் நடந்த காலத்தில், ஆழமில்லாத நன்னீர்ப் பரப்பில் வாழ்ந்து செத்து, ஓடுகள் குவிந்து கல்லானவை. இனம் வேறு, பேரினம் உங்கள் தொட்டியில் இருக்கும் அதே பேரினம். நான் முதல் தடவை போனபோது கூரையைப் பார்க்கவே மறந்துவிட்டேன். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்திலும் இதே கல் உண்டு, ஆனால் சால்ஸ்பரியில்தான் நிதானமாக நின்று பார்க்க முடிகிறது. வெயிலிலும் மழையிலும் இந்தக் கல் சீக்கிரம் மெருகு இழந்துவிடும், அதனால் கட்டடத்துக்கு உள்ளேதான் தேட வேண்டும்.

இனி அடையாளம் சரிபார்க்க ஒரு வார்த்தை. இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு, விவிபாரஸ் கன்டெக்டஸ். அதற்கும் மூன்று பட்டை, அதுவும் ஈனும். பழைய நூல்களில் இரண்டின் பெயரும் மாறி மாறி வந்து படிப்பவரைப் படாதபாடு படுத்தும். கன்டெக்டஸின் சுற்றுகள் நன்றாக உப்பி, நடுவே ஆழமான பள்ளத்தோடு, நுனி கூராக இருக்கும். ஓட்டின் அடியில் தொப்புள் போன்ற குழி திறந்திருக்கும். உங்களுடையதில் நுனி மழுங்கி, குழி மூடியது போல இருக்க வேண்டும். கன்டெக்டஸ் தேங்கிய குட்டையையும் வாய்க்காலையும் விரும்பும். விவிபாரஸ் விவிபாரஸ் மெதுவாக ஓடும் ஆற்றையும் கால்வாயையும் விரும்பும். பட்டையே இல்லாமல், ஐந்தாறு சென்டிமீட்டருக்குப் பெரிதாக இருந்தால் அது சீன நத்தையாக இருக்கலாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து பரவுவது. அது கிடைத்தால் எந்த நீர்நிலையிலும் விடக் கூடாது. உங்களுடையது மூன்றரை சென்டிமீட்டர் என்றும் பட்டை தெளிவு என்றும் சொன்னதால் அந்தக் கவலை இல்லை.

வைத்து வளர்ப்பதா, திரும்ப விடுவதா என்றால், திரும்ப விடுவதே நல்லது என்பது என் கருத்து. பதினாலு நத்தைக்குச் சின்னத் தொட்டியில் வடிகட்டித் தின்ன எதுவும் மிஞ்சாது. இது செவுளால் மூச்சுவிடும் உயிர் என்பதால், குளத்து நத்தை போல மேலே வந்து காற்றை வாங்கிக்கொள்ளவும் முடியாது. கோடை வெயிலில் தண்ணீர் சூடானால் பிராணவாயு குறைந்து முதலில் பெரியவை சாகும். எடுத்த இடத்திலேயே விடுங்கள், வேறு ஆற்றிலோ குளத்திலோ வேண்டாம். நீங்கள் தொட்டியில் வேறு எந்த உயிரும் வைக்காததால்தான் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். கடையில் வாங்கிய மீனோ செடியோ அந்தத் தண்ணீரில் இருந்திருந்தால் நோயோ வேற்று உயிரோ கூடவே போய்விடும், அப்போது விட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சில நாள் வைத்திருப்பதானால், குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றாதீர்கள், கால்வாய்த் தண்ணீரையே வாரம் ஒரு முறை பாதி மாற்றுங்கள். சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் இதற்கு அவசியம், அது குறைந்தால் ஓட்டின் நுனி அரிக்கும். செம்பு கலந்த மீன் மருந்து எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அது நத்தைக்கு விஷம்.

விடும்போது தண்ணீரில் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டப்பாவில் ஈரச் செடியை விரித்து அதில் எடுத்துப் போங்கள். மூடியைச் சாத்திக்கொண்டால் சில மணி நேரம் தாங்கும், பயமில்லை. ஓரத்தில் ஆழம் குறைந்த, சேறு படிந்த இடமாகப் பார்த்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, மூடி இருக்கும் பக்கம் கீழே வருமாறு ஒவ்வொன்றாக வையுங்கள். பெரிய மூன்றையும் வைத்த பிறகு குஞ்சுகளைப் பக்கத்திலேயே விடுங்கள். ஒருவேளை போகும் வழியிலேயே டப்பாவில் பன்னிரண்டாவது ஒன்று இருக்கலாம், மூடுவதற்கு முன் அடியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.